சனிக்கிழமை பத்து முப்பத்தைந்து

யோகராணி நான்கு வருடமாக ஸ்கொட்லாந்தை ரொறன்ரோவில் இருந்துகொண்டே நடத்தினாள். அந்த நாட்டை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஸ்கை தீவில் எந்த விடுதியின் எந்த அறையில் சுடுதண்ணீர்க் குழாய் இறுக்கமானது, எந்த விடுதிக்காரி பிற்பகல் நான்கு மணிக்கு முன் தொலைபேசியை எடுக்கமாட்டாள், எந்தத் தெருவில் எதிரே வாகனம் வந்தால் ஒருவர் பின்னுக்குப் போயே ஆகவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

ஊரான வேலணைத் தீவில் அவள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். 1988 இல், முப்பதாவது வயதில், ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்த அக்கா தவமணியிடம் வந்து சேர்ந்தாள். மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளை எண்ணிப் பெட்டியில் போட்டாள். 1992 தை மாதம், எக்ளின்டன் தெருவில் ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இருந்த சிறிய சுற்றுலா அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அலுவலகம் என்றால் இரண்டு அறை. முன்னறையில் உரிமையாளர் எட்வேட்டும், பயணங்களை விற்கிற றோசலினும் இருந்தார்கள். எட்வேட்டின் பாட்டனார் ஸ்கொட்லாந்தில் இன்வெர்னெஸ் பக்கத்தவர். பின்னறையில் கோப்புகளும் யோகராணியும். அவர்கள் செய்தது ஒரே ஒரு சுற்றுலாதான்: பதினொரு நாள், ஒரு வான், பதினான்கு பேருக்கு மேல் இல்லை, ஸ்கொட்லாந்தின் மலைநாடும் தீவுகளும். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்ராறியோவில் ஓய்வுபெற்ற மனிதர்கள். கூட்டிக்கொண்டு போவது ஒரு முன்னாள் பாடசாலை ஆசிரியர். கோடைக்கு ஆறு பயணம்.

யோகராணியின் வேலை கோப்பு அடுக்குவது மட்டுமே. ஒருநாள் றோசலின் பல்வைத்தியரிடம் போயிருந்தபோது தீவிலிருந்து ஒரு விடுதிக்காரி தொலைபேசியில் வந்தாள். எட்வேட்டுக்கே அவளுடைய பேச்சு பாதிதான் விளங்கும். யோகராணி வாங்கிப் பேசினாள். விளங்காத இடத்தில் வெட்கப்படாமல் திரும்பக் கேட்டாள். கேட்டதைத் தன் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டாள். அந்த நாட்டில் ஏரிக்கு ஒரு சொல் உண்டு. றோசலின் அதை ஆங்கிலத்தில் பூட்டுக்குச் சொல்வதுபோல 'லொக்' என்பாள். தொலைபேசியில் வந்தவள் சொன்னது அப்படியில்லை. தொண்டையிலிருந்து மூச்சு உராய்ந்துகொண்டு வந்தது. யோகராணி கொஞ்சம் யோசித்துவிட்டு 'லொஃ' என்று எழுதினாள். அஃது, இஃது, எஃகு என்ற மூன்று சொல்லைத் தவிர எங்கும் உதவாது என்று அவள் நினைத்திருந்த எழுத்து, ஸ்கொட்லாந்தின் ஏரிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. எழுதியதை அப்படியே திருப்பி வாசித்தாள். மறுமுனையில் விடுதிக்காரி கேட்டாள்:

"பெண்ணே, நீ எந்தத் தீவு?"

"வேலணை," என்றாள் யோகராணி.

"கேள்விப்பட்டதில்லை. ஒருவேளை தெற்கே இருக்கிறதாக்கும்," என்றாள் அவள்.

அதற்குப் பிறகு தொலைபேசி பின்னறைக்கு மாறியது. பயணத்தின் நேர அட்டவணை போடுகிற வேலையும் கூடவே வந்தது. அட்டவணை போடுவதில் அவள் ஒரு விடயத்தை யாருக்கும் சொல்லவில்லை. அவளுடைய மேசை இழுப்பறைக்குள் தமிழ்க்கடைக் கலண்டர் ஒன்று இருந்தது. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை, வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு என்று இராகுகாலம் போட்டிருக்கும். அந்த நேரத்துக்குள் வான் ஒரு விடுதியைவிட்டும் வெளிக்கிடாதபடி அவள் அட்டவணையை அமைத்தாள். சனிக்கிழமை ஸ்கை தீவிலிருந்து ஹரிஸ் தீவுக்குக் கப்பல் ஏறவேண்டிய நாள். விடுதியிலிருந்து புறப்படும் நேரம்: காலை பத்து முப்பத்தைந்து. கப்பல் பன்னிரண்டு மணிக்கு.

"ஏன் பத்தரை இல்லை?" என்று றோசலின் ஒருமுறை கேட்டாள்.

"பத்தரை சரிவராது," என்றாள் யோகராணி. அவள் எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்க்கிறவள் என்பதால் றோசலின் அதற்குமேல் கேட்கவில்லை. ஆறுதலாகக் காலைச்சாப்பாடு சாப்பிடவிடுகிற சுற்றுலா இது ஒன்றுதான் என்று பயணிகள் எழுதி அனுப்பினார்கள். எட்வேட் அந்த வசனத்தை விளம்பரத்தாளில் அச்சடித்தார்.

1996 சித்திரையில் ஆசிரியருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. இனி அவர் வானில் ஏறி இறங்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எட்வேட் ஆள் தேடினார். ஒரு புதன்கிழமை மதியம் யோகராணி முன்னறைக்கு வந்து நின்றாள்.

"நான் போகிறேன்."

எட்வேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய நிறத்தைப் பற்றி அவர் மனதில் ஏதாவது இருந்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். அவர் யோசித்தது வியாபாரத்தை. "யோகராணி, உன்னைவிட அந்தப் பாதை தெரிந்தவர் ரொறன்ரோவில் இல்லை. ஆனால் ஸ்கொட்லாந்தைப் பார்க்கக் காசு கட்டுகிறவர்கள், அதைக் காட்ட ஒரு ஸ்கொட்லாந்துக்காரனைத்தான் எதிர்பார்ப்பார்கள்."

"நீங்கள் பிறந்தது ரொறன்ரோவில்," என்றாள் அவள்.

றோசலின் சிரித்துவிட்டாள். எட்வேட்டும் கொஞ்சம் சிரித்தார். பிறகு நிபந்தனை சொன்னார். பன்னிரண்டு பேர் பதிந்திருந்த ஆனி மாதப் பயணத்துக்கு அவள் போகலாம். பயணம் முடியும்போது பன்னிரண்டு பேரும் கருத்துத்தாள் நிரப்புவார்கள். வழிநடத்துபவரைப் பற்றி இரண்டு முறைப்பாடு வந்தால் அடுத்த வருடத்துக்கு வேறு ஆள். அவள் பின்னறைக்குத் திரும்பவேண்டும். ஒன்று வந்தால் பரவாயில்லை, எல்லாக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார்.

யோகராணிக்கு அந்த வேலை வேண்டும். தான் எழுதிவைத்த பாதையில் மற்றவர்கள் போய்வந்து படம் காட்டுவதை அவள் நான்கு வருடம் பார்த்தாயிற்று.

பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்கு அர்ச்சனைக்குப் போனாள். ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலைக் கட்டடத்துக்குள் இருந்த கோயில் அது. ஐயர் விபூதியைக் கொடுத்தபடி எங்கே பயணம் என்று விசாரித்தார். அவள் சொன்னாள், நேரமெல்லாம் பார்த்துத்தான் வெளிக்கிடுகிறேன் என்றும் சொன்னாள்.

"எந்த ஊர் நேரம் பார்த்தனீர் பிள்ளை?"

"கலண்டரில இருக்கிறதுதான் ஐயா."

"உது ஆறு மணிக்குச் சூரியன் வந்து ஆறு மணிக்குப் போற ஊருக்கு. நீர் போற இடத்தில எத்தினை மணிக்கு உதிக்குது?"

அது அவளே அட்டவணையில் எழுதிய தகவல். "நாலரை."

"படுறது?"

"இரவு பத்தரை, ஐயா."

"அப்ப பகல் பதினெட்டு மணித்தியாலம். எட்டாப் பிரிச்சா ஒரு பங்கு ரெண்டேகால். சனிக்கு மூண்டாம் பங்கு. பாத்துக்கொள்ளும்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அர்ச்சனைத் தட்டை வாங்கினார்.

யோகராணி காருக்குள் இருந்தபடியே பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் பார்த்தாள். ஒன்பது மணி முதல் பதினொன்றேகால். இரண்டாம் தரமும் பார்த்தாள். அதுவேதான். பத்து முப்பத்தைந்து அதன் நடுவுக்குள் கிடந்தது.

வீட்டுக்கு வந்தவளைத் தவமணி ஒருதரம் பார்த்தாள். "என்னடி, முகம் ஏன் உப்பிடி இருக்கு?"

"அக்கா, நாலு வருசமா நான் சனத்தை இராகுகாலத்துக்குள்ளதான் அனுப்பியிருக்கிறன். இருபத்திநாலு சனிக்கிழமை. முந்நூறு பேர் வரும்."

தவமணி அடுப்பைக் குறைத்தாள். "ஆரும் செத்ததோ?"

"இல்லை."

"ஆரும் விழுந்து கிழுந்து?"

"தொண்ணூற்றிமூண்டில ஒரு மனிசிக்குப் பல்லு உடைஞ்சது. பிஸ்கற் கடிச்சு. அது வியாழக்கிழமை."

"அப்ப வெள்ளைக்காரருக்கு இராகு இல்லையாக்கும். விடு."

"எனக்கு இருக்கெல்லோ அக்கா! இந்தமுறை வானுக்குள்ள நானெல்லே இருக்கப்போறன்."

தவமணியிடம் அதற்கும் வழி இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு விமானநிலையத்துக்கு ராக்சி. கலண்டரின்படி நல்ல நேரம். ஐயரின் கணக்கில் ரொறன்ரோவுக்கு அது கூடாத நேரம். இரண்டுக்கும் பொதுவாக நாலே முக்காலுக்கு அவள் தங்கையின் பயணப்பையைத் தூக்கிக்கொண்டுபோய் எதிர்வீட்டு மாமாங்கம் அண்ணையின் வாசலுக்குள் வைத்தாள். நல்ல நேரத்தில் பை வீட்டைவிட்டுப் போய்விட்டால் பயணம் தொடங்கியதாகத்தான் கணக்கு. ஆள் பிறகு எப்போதும் போகலாம்.

"இந்தப் பை எங்க போகுது?" என்று மாமாங்கம் கேட்டார்.

"ஸ்கொட்லாந்துக்கு."

"ரிக்கற் பைக்கோ, ஆளுக்கோ?"

"பையை முதல்ல வெளிக்கிடுத்தி விடுறன் அண்ணை. ஆள் அஞ்சரைக்கு வரும்," என்றாள் தவமணி.

பயணத்தின் முதல் மூன்று நாளும் பிசகில்லாமல் போயின. பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் முகம் கொடுக்கவில்லை. அவர் விட்பியிலிருந்து மனைவியோடு வந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். கிளாஸ்கோவில் வானுக்கு முன்னால் நின்றவளைப் பார்த்துவிட்டு, "வழிகாட்டி எங்கே?" என்று கேட்டார். நான்தான் என்றாள். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அதன்பிறகு அவள் சொல்லும் ஒவ்வொரு ஆண்டையும் கையிலிருந்த புத்தகத்தில் ஒத்துப்பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாம் ஒத்துப்போனது அவருக்குப் பிடிக்கவில்லை. மனைவி நல்ல மனிசி. ஆனால் கணவர் எழுதுவதைப் பார்த்துத்தான் தானும் எழுதுவாள் என்று யோகராணிக்குப் பட்டது. அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு கதிரையிலேயே இரண்டு முறைப்பாடும் இருந்தன.

சனிக்கிழமை, ஆனி பதினைந்து. ஸ்கை தீவின் விடுதியில் எல்லோரும் கஞ்சியும் முட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு நாற்பத்துமூன்றுக்கு விடுதிக்காரி சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். அவளுடைய மைத்துனர் கப்பல் துறையில் கயிறு பிடிக்கிறவர். காற்று எழும்புகிறதாம்; பன்னிரண்டு மணிக் கப்பல் பத்தேகாலுக்கே வெளிக்கிடுகிறதாம்; அதைவிட்டால் இன்றைக்கு வேறு இல்லை. நாளை ஞாயிறு. அந்தத் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமை கப்பல் ஓடாது, கடை திறக்காது, கொடியில் உடுப்புக்கூடக் காயப்போடமாட்டார்கள். சனி தவறினால் திங்கள்தான். ஹரிஸ் தீவின் இரண்டு நாளும் போய்விடும்.

வாகனங்கள் கப்பலுக்குள் போகிற படலையைக் கப்பல் வெளிக்கிட அரைமணித்தியாலம் முன்னதாகவே பூட்டுவார்கள். துறைக்கு அரைமணித்தியால ஓட்டம். ஒன்பதேகாலுக்குள் வான் வெளிக்கிட வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். யோகராணி மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதேகால் கலண்டரின்படியும் கூடாது, ஐயரின்படியும் கூடாது. இரண்டு இராகுவும் ஒன்பது மணிக்குத்தான் தொடங்குகின்றன. அதற்கு இன்னும் பதினேழு நிமிடம் இருந்தது.

அவள் சாப்பாட்டு அறையின் நடுவில் வந்து நின்று கையைத் தட்டினாள்.

"பைகள்! எல்லாப் பைகளும் ஒன்பது மணிக்கு முன் வானுக்குள் ஏறவேண்டும். மனிதர் பிறகு. முதலில் பை!"

"கப்பலுக்கு நேரமென்றால் மனிதரையும் இப்போதே ஏற்றலாமே," என்றார் பொலிஸ்காரர். கரண்டி கையிலேயே இருந்தது.

"பை முதல்," என்றாள் அவள். கூட்டுறவுச் சங்கத்தில் மண்ணெண்ணெய் வரிசையை ஒழுங்குபடுத்திய குரல் அது. எழுபது வயதுக்காரர்கள் எழும்பி ஓடினார்கள். படிகளில் பைகள் உருண்டன. அவளும் ஓட்டுநரும் கைமாற்றி அடுக்கினார்கள். அவள் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொன்றாக அடையாளம் போட்டாள். கடைசிப் பை ஏறி வானின் பின்கதவு மூடியபோது எட்டு ஐம்பத்தெட்டு. ஓட்டுநரைக் கொண்டு வானைப் பத்து யார் தூரம் முன்னுக்கு எடுத்து, கேற்றுக்கு வெளியே நிறுத்தச் செய்தாள். ஏனென்று அவர் கேட்கவில்லை. சாமான் ஏறிய வான் சரிவில் நிற்பதைப் பற்றி ஏதோ கணக்கு என்று நினைத்திருப்பார்.

பிறகு மனிதர்களை ஏற்றினாள். பயணம் ஒன்பதுக்கு முன்பே தொடங்கிவிட்டதால் அவளிடம் பதற்றமில்லை. கழிப்பறைக்குப் போகிறவர்கள் போகலாம் என்றாள். ஒன்பது பதின்மூன்றுக்கு வான் புறப்பட்டது. படலை பூட்டுவதற்கு இரண்டு நிமிடம் இருக்கக் கப்பலுக்குள் ஏறிய கடைசி வாகனம் அவர்களுடையது.

கப்பல் துறையைவிட்டு விலகிய பிறகுதான் பொலிஸ்காரர் அவளைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரை பைக்குள். சாப்பிட்டவுடன் போடவேண்டியது. பைகளை முதலில் ஏற்று என்று சொன்னது நீதான்."

கப்பலின் கீழே வாகனங்கள் நிற்கிற தட்டைப் பூட்டியாயிற்று.  யோகராணி கப்பல்காரர் ஒருவரிடம் போய்ப் பேசி, அவரோடு கீழே இறங்கினாள். கப்பல் இரண்டு பக்கமும் சாய்ந்து எழும்பியது. முதலில் ஏறிய பை என்பதால் அது எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பதின்மூன்று பையையும் இறக்கினாள். மாத்திரைப் போத்தலை எடுத்தாள். அதே ஒழுங்கில் திரும்ப ஏற்றினாள். நடுவில் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். கப்பல்காரர் ஒரு வாளியைப் பிடித்தார்.

மேலே வந்து போத்தலை நீட்டியபோது அவளுடைய முகத்தைப் பொலிஸ்காரரின் மனைவி பார்த்தாள். "நீ முதலில் இரு பிள்ளை," என்று சொல்லித் தன் இடத்தைக் கொடுத்தாள்.  சிறிது நேரத்தில் பொலிஸ்காரர் எங்கேயோ போய் ஒரு கோப்பை இஞ்சித் தேநீர் வாங்கிவந்து அவள் முன்னால் வைத்தார். 

அன்று நாற்பது பேரோடு வந்த ஒரு பெரிய பஸ், துறையில் பூட்டிய படலைக்கு வெளியே நின்றதாகவும் திங்கட்கிழமைவரை அவர்கள் ஸ்கை தீவிலேயே இருந்ததாகவும் விடுதிக்காரி பிறகு தொலைபேசியில் சொன்னாள்.

ஆனி இருபத்தைந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, எட்வேட் பன்னிரண்டு கருத்துத்தாளையும் மேசையில் பரப்பினார். பத்தில் குறையில்லை. பதினோராவது, ஒஷாவாவிலிருந்து வந்த ஒரு பெண் எழுதியது: ஐந்து நாள் மழை, அதுபற்றி வழிகாட்டி ஒன்றும் செய்யவில்லை.

"இது முறைப்பாடு," என்றார் எட்வேட்.

"அவள் மழையை நிறுத்தவேண்டுமா?" என்றாள் றோசலின்.

"முறைப்பாடு முறைப்பாடுதான். ஒன்று." அவர் பன்னிரண்டாவதை எடுத்தார். விட்பிப் பொலிஸ்காரருடையது. அதில் இரண்டு வரிதான் இருந்தது. அவர் சத்தமாக வாசித்தார். "சனிக்கிழமை காலைச்சாப்பாட்டை முடிக்கவிடவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தது; சரிபார்த்தேன்."

 யோகராணி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எந்தப் பக்கம், முறைப்பாடா இல்லையா?" என்று எட்வேட் கேட்டார்.

"என் அப்பா பொலிஸ்," என்றாள் றோசலின். "முப்பது வருடத்தில் அவர் வாயில் 'சரி' என்ற சொல் வந்ததை நான் கேட்டதில்லை. இதைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுங்கள்."

எட்வேட் தாளை இன்னொருதரம் வாசித்தார். பிறகு யோகராணியைப் பார்த்தார். "பைகளை முதலில் ஏற்றவேண்டும் என்று உனக்கு எப்படித் தோன்றியது? அதைச் செய்யாவிட்டால் கப்பல் தவறியிருக்கும் என்று ஓட்டுநர் சொல்கிறார்."

அவள் உண்மையைச் சொன்னாள். இராகு, எட்டுப் பங்கு, கலண்டர், ஐயர், பத்து முப்பத்தைந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். சொல்லி முடிக்கப் பதினொரு நிமிடம் பிடித்தது. எட்வேட் நீண்ட நேரம் தாடையைத் தடவினார்.

"அப்படியானால், நான்கு வருடமாக நாம் அச்சடித்த அந்தக் காலைச்சாப்பாட்டு வசனம்?"

"அது பிழையான நேரம்," என்றாள் யோகராணி. "திருத்தித் தருகிறேன்."

"ஒன்றையும் திருத்தாதே," என்றார் எட்வேட். "அடுத்த வருடம் ஆறு பயணமும் உன்னுடையது."

வீட்டுக்கு வந்து சொன்னபோது தவமணி, "எனக்கு உது முதலே தெரியும்," என்று சொல்லிவிட்டு உடனே தொலைபேசியை எடுத்தாள். ஒன்பதாம் மாடி முழுவதுக்கும் விடயம் தெரிய அரைமணித்தியாலம் ஆகவில்லை.

1997 விளம்பரத்தாளில் முதன்முறையாக வழிகாட்டியின் பெயர் போட்டார்கள். அச்சகத்தில் யாரோ அதை இரண்டாகப் பிரித்து, 'யோகா ராணியுடன் பதினொரு நாள் மலைநாடும் தீவுகளும்' என்று அடித்துவிட்டார்கள். நான்காயிரம் பிரதி போய்விட்டது; திருத்த முடியாது. பெயர்தானே என்று யோகராணியும் விட்டுவிட்டாள். அந்த வருடப் பயணங்கள் வழக்கத்தைவிட விரைவாக விற்றன. றோசலின் அதற்கான காரணத்தை ஆராயவில்லை.

வைகாசி இருபதாம் திகதி மாலை, விமானநிலையத்தில், அந்த வருடத்தின் முதல் கூட்டத்தைப் பெயர்ப்பட்டியலோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் யோகராணி கவனித்தாள். பதினான்கு பேரில் ஐந்து பேரின் கக்கத்தில் சுருட்டிய பாய் இருந்தது. எல்லோரும் அறுபது தாண்டியவர்கள். அவர்களில் மெலிந்த பெண்மணி ஒருத்தி முன்னால் வந்து மிகுந்த மரியாதையோடு கைகூப்பினாள்.

"வகுப்பு காலையிலா, மாலையிலா?" என்று கேட்டாள்.

யோகராணி தன் வாழ்க்கையில் ஒருநாளும் யோகாசனம் செய்தவளல்ல. பெயர்ப்பட்டியலைப் பார்த்தாள். ஐந்து கருத்துத்தாள்.

"காலையில்," என்றாள். "சாப்பாட்டுக்கு முன்."